கையில் ஒரே ஒரு சிப்: 1982 போக்கர் உலகத் தொடரை ஜாக் ஸ்ட்ராஸ் ஜெயித்தது எப்படி?

போக்கர் ஆடுபவர்கள் மத்தியில் உலகம் முழுக்கப் புழங்கும் ஒரு சொலவடை உண்டு. ஒரு சிப்பும், உட்கார ஒரு நாற்காலியும் இருக்கும்வரை ஆட்டம் முடியவில்லை என்பது அதன் சாரம். டி-ஷர்ட்டில் அச்சடிக்கிறார்கள். தோற்றுக்கொண்டிருக்கும் நண்பனின் தோளைத் தட்டி இதைத்தான் சொல்கிறார்கள். இந்தச் சொலவடையோடு எப்போதும் சேர்த்துச் சொல்லப்படும் பெயர் ஜாக் ஸ்ட்ராஸ். அமெரிக்காவின் டெக்சஸ்காரர். ஆறரை அடி உயரம். அதனால் அவருக்கு 'ட்ரீடாப்' என்று பட்டப்பெயர், அதாவது மர உச்சி. நம்ம ஊராக இருந்தால் பனைமரம் என்று கூப்பிட்டிருப்பார்கள்.

1982-ல் லாஸ் வேகாஸில் நடந்த உலகத் தொடர் போக்கர் போட்டியின் முக்கிய ஆட்டத்தில் ஸ்ட்ராஸ் தன் சிப்புகளை எல்லாம் நடுவில் தள்ளித் தோற்றார். எழுந்து கிளம்பும்போதுதான் 500 டாலர் மதிப்புள்ள ஒரே ஒரு சிப் மேஜையில் மிஞ்சியிருப்பது தெரிந்தது. அந்த ஒன்றை வைத்து மறுபடி உட்கார்ந்தார். கடைசியில் கோப்பையும் 5,20,000 டாலரும் அவருக்கே போனது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 'நம்பிக்கையை விடாதீங்க' என்று முடித்துவிடுகிறார்கள். ஆனா அந்த ஒரு சிப்பை வைத்து ஒருவர் என்ன செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது, எந்த இடத்தில் அது புத்திசாலித்தனம், எந்த இடத்தில் அது படுகுழி என்று யாரும் விளக்குவதில்லை. செல்போனில் ரம்மியும் போக்கரும் ஆடிச் சம்பளத்தைத் தொலைத்தவர்களைத் தெரியாத தெரு நம்மூரில் குறைவு. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

டெக்சஸ் சாலையில் ஒரு வாழ்க்கை

ஸ்ட்ராஸ் பிறந்தது 1930-ல். உயரத்துக்கு ஏற்ற மாதிரி டெக்சஸ் ஏ அண்ட் எம் கல்லூரியில் கூடைப்பந்து ஆடினார். பிறகு பிழைப்பாகத் தேர்ந்தெடுத்தது சீட்டு.

அந்தக் காலத்து டெக்சஸில் சூதாட்டம் சட்டவிரோதம். அதனால் ஆட்டங்கள் கடைகளின் பின்னறையிலும் ஹோட்டல் அறைகளிலும் நடந்தன. ஆட்டக்காரர்கள் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார்கள். எந்த ஊரில், எந்த நாளில் ஆட்டம் என்று வாய்வழியாகத் தகவல் வரும். சீட்டில் ஜெயிப்பது பாதி வேலைதான். போலீஸ் வராமல் இருக்க வேண்டும், ஏமாற்றுக்காரனிடம் மாட்டாமல் இருக்க வேண்டும், ஜெயித்த பணத்தோடு ஊர் எல்லையைத் தாண்ட வேண்டும். பின்னாளில் பெரும் புகழ் பெற்ற டாய்ல் பிரன்சன், அமரில்லோ ஸ்லிம், செய்லர் ராபர்ட்ஸ் எல்லாரும் இந்தப் பள்ளியில் படித்தவர்கள்தான்.

ஸ்ட்ராஸின் தனித்தன்மை, பணத்தைப் பற்றி அவருக்கு இருந்த அலட்சியம். ஆங்கிலக் கவிஞரும் விமர்சகருமான ஆல் அல்வரெஸ் 1980-களின் தொடக்கத்தில் லாஸ் வேகாஸ் போய் இந்த ஆட்டக்காரர்களோடு பழகி எழுதிய 'தி பிக்கெஸ்ட் கேம் இன் டவுன்' புத்தகத்தில் ஸ்ட்ராஸ் பற்றிய ஒரு கதை வருகிறது. 1970-ல் தொடர்ந்து தோற்று, ஸ்ட்ராஸ் கையில் 40 டாலர் மட்டும் மிச்சம். வேறொருவராக இருந்தால் அதில் சாப்பிட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பியிருப்பார். இவர் அந்த 40-ஐ பிளாக்ஜாக் மேஜையில் ஒரே கையில் வைத்தார். ஜெயித்தார். அப்படியே 500 ஆக்கினார். அதை போக்கரில் 4,000 ஆக்கினார், மறுபடி பிளாக்ஜாக்கில் 10,000 ஆக்கினார். அந்த 10,000-ஐயும் அப்படியே அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியில் கன்சாஸ் சிட்டி அணி மேல் கட்டினார். அந்த அணி ஜெயித்தது. 24 மணி நேரத்துக்குள் 40 டாலர் 20,000 ஆனது.

கேட்க நல்லா இருக்கு. ஆனா ஒரு கேள்வி: 40 டாலருக்கு இறங்கியது யாரால்? அதே ஆள்தான், அதே பழக்கம்தான்.

ஏழும் இரண்டும்

ஸ்ட்ராஸை மற்ற ஆட்டக்காரர்கள் மதித்தது துணிச்சலுக்காக மட்டும் அல்ல, எதிராளியின் மனசைப் படிக்கும் திறமைக்காகவும். அதற்கு உதாரணமாக இன்றும் சொல்லப்படும் கை ஒன்று இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஆட்டத்தை ஒரு நிமிடம் பார்த்துவிடுவோம்.

ஹோல்டெம் போக்கரில் ஒவ்வொருவருக்கும் இரண்டே சீட்டு, அது ரகசியம். நடுவில் ஐந்து சீட்டு எல்லாருக்கும் பொது; முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று என்று திறப்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பெட் கட்டலாம், ஏற்றலாம், அல்லது சீட்டைக் கீழே வைத்து விலகலாம். ஏழு சீட்டில் சிறந்த ஐந்து யாருக்கோ அவருக்கு நடுவில் குவிந்த பணம். ஆனா மற்றவர்கள் எல்லாரும் விலகிவிட்டால் சீட்டைக் காட்டாமலேயே பணம் உங்களுக்கு. எதிராளியை விலக வைப்பதும் ஒரு வெற்றிதான்.

ஒரு நாள் ஸ்ட்ராஸுக்கு 7-ம் 2-ம் வந்தது. ஹோல்டெமில் இதைவிட மோசமான கை இல்லை. ஜெயித்துக்கொண்டிருந்த வேகத்தில் அதை வைத்தே பெட்டை ஏற்றினார். ஒருவர் மட்டும் கூட வந்தார். நடுவில் 7, 3, 3 திறந்தது. ஸ்ட்ராஸ் பெட் கட்டினார், எதிராளி பெரிதாக ஏற்றினார். அவரிடம் பெரிய ஜோடி இருக்கிறது என்று ஸ்ட்ராஸுக்குப் புரிந்துவிட்டது. விலகியிருக்க வேண்டும், விலகவில்லை. அடுத்து ஒரு 2 திறந்தது. அதனால் ஸ்ட்ராஸுக்குப் பிரயோஜனம் ஒன்றுமில்லை. ஆனாலும் 18,000 டாலர் கட்டினார். எதிராளி நீண்ட நேரம் யோசித்தார். அப்போது ஸ்ட்ராஸ் முன்னால் சாய்ந்து, 25 டாலர் கொடுத்தால் என் இரண்டு சீட்டில் நீங்கள் காட்டும் ஒன்றைத் திறந்து காட்டுகிறேன் என்றார்.

எதிராளி 25 டாலர் சிப்பைத் தூக்கிப் போட்டு ஒரு சீட்டைக் காட்டினார். ஸ்ட்ராஸ் திருப்பினார். அது 2.

இப்போது எதிராளியின் இடத்தில் இருந்து யோசியுங்கள். எந்தச் சீட்டை வேண்டுமானாலும் கேள் என்கிறான் என்றால், இரண்டு சீட்டும் ஒன்றுதான் போலிருக்கிறது. இரண்டு 2, நடுவில் இன்னொரு 2, கூடவே இரண்டு 3. ஃபுல் ஹவுஸ்! அவர் விலகிவிட்டார். உண்மையில் அவர் 7-ஐக் கேட்டிருந்தாலும் இதே போலத்தான் குழம்பியிருப்பார்.

ஸ்ட்ராஸின் ஆயுதம் சீட்டு இல்லை என்பது இதில் தெரியும். அவருக்கு முன்னால் அடுக்கியிருந்த சிப்புகள்தான் ஆயுதம். 18,000 என்ற தொகை எதிராளியைப் பயமுறுத்தியது, பயந்தவர் யோசித்தார், யோசித்தவர் தவறினார். கையில் 500 மட்டும் இருக்கும்போது இந்த வித்தை வேலை செய்யாது. 25 டாலர் கொடுத்துச் சீட்டைப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் வராது, நேராக 500 கட்டிப் பார்த்துவிடுவார்கள். 1982-ல் ஸ்ட்ராஸ் உட்கார்ந்த நிலைமை அதுதான்.

நாப்கினுக்கு அடியில்

உலகத் தொடரைத் தொடங்கியவர் பென்னி பினியன், லாஸ் வேகாஸில் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியின் முதலாளி. 1970-ல் தொடங்கியபோது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டக்காரர்கள்தான். ஸ்ட்ராஸ் ஆரம்ப வருடங்களிலேயே அங்கே இருந்தார்; 1973-ல் லோபால் என்ற வேறு வகை போக்கரில் ஒரு பட்டமும் வாங்கினார். 1982 முக்கிய ஆட்டத்துக்கு 104 பேர் வந்தார்கள். நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். அதற்கு ஈடாக ஆளுக்கு 10,000 சிப். மொத்தப் பரிசு 10,40,000 டாலர், முதல் முறையாகப் பத்து லட்சத்தைத் தாண்டியது. அதில் சரிபாதி முதல் பரிசு.

சிப் கதைக்குப் பல வடிவங்கள் இருக்கின்றன. நாப்கினுக்கு அடியில் இருந்தது என்பார்கள் சிலர், மேஜை விளிம்பின் மெத்தைக்குக் கீழ் என்பார்கள் சிலர். எல்லா வடிவத்திலும் பொதுவாக வருவது இதுதான்: சிப்புகளைத் தள்ளும்போது அவர் 'ஆல்-இன்' என்று வாயால் அறிவிக்கவில்லை. அறிவித்திருந்தால் மறைந்திருந்த சிப்பும் அந்தக் கையிலேயே சேர்ந்து போயிருக்கும். அறிவிக்காததால் அது இன்னும் அவருடையது என்று போட்டி நடத்தியவர்கள் முடிவு செய்தார்கள்.

அதிர்ஷ்டம் என்றால் இதுதான் அதிர்ஷ்டம். அதற்குப் பிறகு நடந்ததில் கணக்கும் கலந்திருக்கிறது.

சிப் குறைந்தால் என்ன செய்வது?

போட்டி போக்கரில் சும்மா உட்கார முடியாது. ஒவ்வொரு கையிலும் இரண்டு பேர் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே கட்டாயமாகப் பணம் வைக்க வேண்டும். சின்ன பிளைண்ட், பெரிய பிளைண்ட் என்று பெயர். இது மேஜையைச் சுற்றி வரும். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை தொகை ஏறும்.

சின்னாளப்பட்டியில் ஒரு சுங்குடிச் சேலை வியாபாரியை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் 4 லட்சம் முதல். கடை வாடகை, வட்டி, கூலி எல்லாம் சேர்த்து மாதம் 60,000. வியாபாரமே செய்யாமல் உட்கார்ந்தால் ஆறரை மாதத்தில் முதல் காலி. போட்டியின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் ஆட்டக்காரர் கணக்கும் இதேதான். பிளைண்ட் 200, 400. கையில் 4,000 சிப். ஒரு சுற்றுக்கு 600 செலவு. 4,000-ஐ 600-ஆல் வகுத்தால் ஆறரைச் சொச்சம். இந்த எண்ணை 'எம்' என்பார்கள். 1995 உலகத் தொடர் சாம்பியன் டான் ஹாரிங்டன் பின்னாளில் எழுதிய புத்தகங்கள் மூலம் இது பிரபலமானது. எம் 20-க்கு மேல் இருந்தால் பச்சை, அதாவது நிதானமாக ஆடலாம். 5-க்குக் கீழே போனால் சிவப்பு. 1-க்குக் கீழே போனால் ஏறத்தாழ செத்த மாதிரிதான்.

சிப் குறைந்தவர்கள் செய்யும் பெரிய தப்பு, நல்ல கை வரட்டும் என்று காத்திருப்பது. காத்திருக்கும்போது பிளைண்ட் மட்டும் போகவில்லை, இன்னொன்றும் சேர்ந்து போகிறது. 4,000 இருக்கும்போது எல்லாவற்றையும் தள்ளினால், பெரிய பிளைண்டில் இருப்பவர் உங்களைப் பார்க்க இன்னும் 3,600 கட்ட வேண்டும். சுமாரான சீட்டு என்றால் விலகிவிடுவார். எல்லாரும் விலகினால் 600 உங்களுக்கு; சீட்டே காட்டாமல் கையிருப்பு 15 சதவீதம் ஏறிவிடும். இதே கையிருப்பு 800-க்கு வந்த பிறகு தள்ளுகிறீர்கள் என்று வையுங்கள். அவர் கூடுதலாகக் கட்ட வேண்டியது 400 மட்டும். நடுவில் ஏற்கெனவே 1,400 கிடக்கிறது. 400 கொடுத்து 1,400-க்கு முயல, நூற்றுக்கு 23 தடவை ஜெயித்தாலே அவருக்கு நஷ்டமில்லை. எந்தக் குப்பைச் சீட்டை வைத்தும் பெரும்பாலும் அது முடியும். அதனால் விலகவே மாட்டார்.

நம்ம சேலை வியாபாரிக்கும் இதே கதிதான். 4 லட்சத்தோடு போய் ஒரு மொத்த லாட்டுக்கு விலை கேட்டால், போட்டிக்கு நிற்பவர் ஒதுங்கிப் போகக்கூடும். 80,000 ஆன பிறகு போனால் யார் ஒதுங்குவார்? பயமுறுத்தும் பலம் இருக்கும்போதே அதைப் பயன்படுத்து என்பதுதான் குறைந்த சிப் ஆட்டத்தின் முதல் பாடம். அதனால்தான் தேர்ந்த ஆட்டக்காரர்கள் பெரிய பிளைண்டைப் போலப் பத்து மடங்கோ அதற்கும் குறைவாகவோ இருக்கும்போது இரண்டே முடிவுகளோடு ஆடுகிறார்கள். ஒன்று எல்லாவற்றையும் தள்ளுவது, இல்லையென்றால் விலகுவது. பாதி கட்டிவிட்டுப் பிறகு பயந்து விலகுவது அவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

ஸ்ட்ராஸிடம் அந்தப் பலமும் இல்லை. ஆனா ஒரு சிப் ஆளுக்கு ஒரு சின்ன வசதி உண்டு, பலரும் கவனிக்காதது. மொத்தத்தையும் வைத்துவிட்டதால் அவரை இனி யாரும் விரட்ட முடியாது. ஐந்து பொதுச் சீட்டையும் பார்த்துவிடுவார். அவரோடு மூன்று பேர் சேர்ந்து ஆளுக்கு 500 கட்டினால் நடுவில் 2,000. அதற்கு மேல் அந்த மூன்று பேரும் கட்டுவது தனிக் குவியலாகப் போகும், ஸ்ட்ராஸுக்கு அதில் பங்கில்லை. ஆனா அந்தத் தனிக் குவியலுக்காக அவர்களே ஒருவரை ஒருவர் விரட்டுவார்கள். விலகியவரின் கையில் ஸ்ட்ராஸை ஜெயிக்கும் சீட்டு இருந்திருக்கலாம்! ஒரே கையில் 500 நாலு மடங்காவது இப்படித்தான்.

2,080-ல் ஒன்று

இனி யாரும் சொல்லாத கணக்கு. மொத்தம் 10,40,000 சிப்பில் 500 என்பது 2,080-ல் ஒரு பங்கு. எல்லாரும் சம திறமைசாலிகள் என்று வைத்துக்கொண்டால், போட்டியை ஜெயிக்கும் வாய்ப்பும் அதேதான். வேறு மாதிரி சொன்னால், 500-ஐ இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால் 11 தடவையில் 10,24,000 வரும். காசைச் சுண்டித் தொடர்ந்து 11 தடவை தலை விழ வேண்டும்.

ஸ்ட்ராஸ் திறமைசாலி. சில இரட்டிப்புகளுக்குப் பிறகு கையிருப்பு ஏறியதும் அவருடைய பழைய ஆயுதம் திரும்பி வந்துவிட்டது. அதனால் அவருக்கு வாய்ப்பு இதைவிடக் கூடுதல். எவ்வளவு கூடுதல் என்று பார்த்தாலும், ஒரு சிப்போடு உட்கார்ந்தவர்களில் ஏறத்தாழ எல்லாரும் அடுத்த சில கைகளில் எழுந்து போனவர்கள்தான். அவர்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. டி-ஷர்ட்டும் இல்லை.

அப்படியென்றால் ஸ்ட்ராஸ் அந்தச் சிப்பை வைத்து ஆடியது முட்டாள்தனமா? நிச்சயமாக இல்லை. அதுதான் சரியான முடிவு. காரணம், அந்த 500 சிப் பணமே இல்லை. அதைக் காசாளரிடம் கொடுத்து 500 டாலர் வாங்க முடியாது. 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் கட்டியபோதே பணம் போய்விட்டது. கையில் இருப்பது போட்டியில் தொடரும் உரிமை மட்டும். அதைத் தோற்றால் ஒரு பைசா கூடுதல் நஷ்டம் இல்லை. தோற்றவர் பாக்கெட்டில் கைவிட்டு இன்னொரு 10,000 கட்டவும் அந்தப் போட்டியில் வழியில்லை. நஷ்டத்துக்குத் தரை இருக்கிறது, ஸ்ட்ராஸ் ஏற்கெனவே அந்தத் தரையில்தான் நிற்கிறார்.

போட்டி முடிவை நெருங்கும்போது இந்த வித்தியாசம் இன்னும் விசித்திரமாகும். மூன்று பேர் பாக்கி, மூவரிடமும் சம சிப், பரிசு 50,000, 30,000, 20,000 ரூபாய் என்று வைப்போம். ஒவ்வொருவரின் இடத்துக்கும் இப்போதைய மதிப்பு சுமார் 33,333. நீங்கள் இன்னொருவரோடு மொத்தத்தையும் வைத்து மோதுகிறீர்கள். ஜெயித்தால் சிப் இரட்டிப்பாகும், ஆனா உங்கள் இடத்தின் மதிப்பு இரட்டிப்பாகாது, 43,333-க்குத்தான் ஏறும். தோற்றால் 20,000-ஓடு வீட்டுக்கு. ஜெயித்தால் 10,000 லாபம், தோற்றால் 13,333 நஷ்டம். நூற்றுக்கு 57 தடவைக்கு மேல் ஜெயிப்பேன் என்றால்தான் மோதலாம். மோதாமல் வேடிக்கை பார்த்த மூன்றாவது ஆளின் மதிப்போ சும்மாவே ஏறிவிடுகிறது. இன்றைய தொழில்முறை ஆட்டக்காரர்கள் இந்தக் கணக்கைக் கணினியில் போட்டு மனப்பாடம் செய்துவிட்டு வருகிறார்கள். ஸ்ட்ராஸ் காலத்தில் அனுபவம்தான் கணினி. பரிசில் பாதி முதலிடத்துக்கே போன 1982-ல் இரண்டாவதாக வந்தால் 2,08,000 டாலர்தான். இவ்வளவு பெரிய இடைவெளி இருந்தால் துணிந்தவர்களுக்குச் சாதகம். ஸ்ட்ராஸுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருந்திருக்க முடியாது.

இறுதி மேஜையில் டாய்ல் பிரன்சனும் இருந்தார். நான்காவதாகப் போனார். மிஞ்சியது ஸ்ட்ராஸும் டூயி டாம்கோவும். கடைசிக் கையில் ஸ்ட்ராஸிடம் ஏஸ், 10. டாம்கோவிடம் ஏஸ், 4. நடுவில் ஒரு 4 திறந்து டாம்கோ முன்னால் போய்விட்டார். பாக்கி ஒரே ஒரு சீட்டு. பார்க்காத 44 சீட்டில் 10 என்பது மூன்றுதான், நூற்றுக்கு ஏழு. விழுந்தது 10.

நாப்கின் அடியில் ஒரு அதிர்ஷ்டம், கடைசிச் சீட்டில் ஒரு அதிர்ஷ்டம். நடுவில் நடந்ததெல்லாம் ஆட்டம்.

செல்போனில் தரை இல்லை

ஸ்ட்ராஸ் கதையை நம்ம ஊர் நிலைமைக்கு அப்படியே பொருத்தும்போதுதான் ஆபத்து. ரம்மியில் திறமைக்குப் பெரும்பங்கு இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாடு அரசு கொண்டுவந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை 2023 நவம்பரில் விசாரித்த சென்னை உயர் நீதிமன்றமும், ரம்மி, போக்கர் ஆகிய இரண்டையும் தடைப் பட்டியலில் வைத்தது செல்லாது என்றது. பிறகு 2025 பிப்ரவரியில் மாநில அரசு விதிகள் போட்டது, நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5 வரை பணம் வைத்து ஆடக் கூடாது என்பது அதில் ஒன்று. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதில் திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்ற வித்தியாசம் பார்க்கப்படவில்லை.

திறமையா அதிர்ஷ்டமா என்ற வழக்கு இவ்வளவு வருடம் நடந்தது. ஆனா வீட்டில் பாதிக்கப்பட்டவர்களுக்கு அது பெரிய கேள்வியே இல்லை என்று தோன்றுகிறது. அவர்களைக் கவிழ்த்தது, தோற்ற பிறகு இன்னொரு தடவை பணம் போட முடிந்ததுதான். ராத்திரி 2 மணிக்குக் கையிருப்பு 500 ரூபாய்க்கு வந்தவர், இதுதான் என் கடைசிச் சிப் என்று நினைத்து ஆடுகிறார். அது போனதும் யூபிஐ-யில் இன்னும் 2,000 போடுகிறார். அதுவும் போனால் கடன் ஆப். ஒவ்வொரு தடவையும் அவருக்குக் கடைசிச் சிப்தான். மகாபாரதத்தில் தருமர் செய்ததும் அதுதான். நாடு போனதும் தம்பிகளை வைத்தார், பிறகு தன்னையே வைத்தார். நாற்காலியை விட்டு எழச் சொல்லும் விதி அந்த மண்டபத்திலும் இல்லை.

சேலை வியாபாரிக்கும் இந்த இடத்தில்தான் ஆட்டக்காரரோடு உறவு முறிகிறது. மிச்சமிருக்கும் 80,000-ஐ மொத்தமாக ஒரே லாட்டில் போடு, போனால் போகட்டும் என்று அவரிடம் சொல்ல முடியாது. அது போனால் வாடகை பாக்கி நிற்கும், வட்டி ஏறும், வீட்டில் அரிசி வேண்டும். அவருடைய சிப் நிஜப் பணம்.

பெல் கார்டன்ஸ், 1988

ஜெயித்த பணத்தை ஸ்ட்ராஸ் பத்திரப்படுத்தும் ரகம் இல்லை. அவருக்குப் பணம் என்பது அடுத்த ஆட்டத்துக்கான சிப். கோப்பை வாங்கிய பிறகும் பெரிய தொகை ஆட்டங்கள் எங்கே நடக்கிறதோ அங்கே போய்க்கொண்டிருந்தார். போட்டி போக்கரில் அவரைக் காப்பாற்றிய தரை இந்த ஆட்டங்களில் கிடையாது. சிப் தீர்ந்தால் இன்னும் வாங்கலாம்.

1988 ஆகஸ்ட் 17 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் பெல் கார்டன்ஸில் உள்ள பைசிக்கிள் கிளப்பில் அப்படி ஒரு ஆட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது இதயத்தின் பெருந்தமனி வீங்கி வெடித்து ஸ்ட்ராஸ் இறந்துபோனார். வயது 58. போக்கர் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் சேர்க்கப்பட்டதும் அதே ஆண்டுதான்.